உறையவைத்த கதவு

ஜனவரி 14

அக்கா,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்திருப்பாய். யாரும் போகவில்லை. அம்மா முழங்கால் வலியோடும் டிவியோடும் சௌக்கியம். நான் அதே குளிர்பதனக் கிடங்கில்தான் இருக்கிறேன், இப்போது மேற்பார்வையாளன். ஒன்பது வருடத்துச் செய்தி இவ்வளவுதான். இந்தக் கடிதம் என் மகளுக்காக.

நீ அவளைப் பார்த்ததில்லை. வீட்டில் அவளுக்குப் பெயர் வாத்து. தண்ணீரைக் கண்டால் காலை விட்டுவிடுவாள் என்று நான் வைத்த பெயர். வைத்தபோது அது வெறும் வேடிக்கை என்று நினைத்தேன். அப்படி நினைக்கத்தான் எனக்கு விருப்பமாக இருந்தது.

போன வாரம் பள்ளியிலிருந்து டீச்சர் கூப்பிட்டார். "சார், உங்க பொண்ணு கணக்கு கிளாஸ்ல இல்ல. தேடிப் பாத்தா பாத்ரூம்ல கை கழுவற தொட்டி மேல ஏறி உக்காந்திருக்கா. ரெண்டு காலையும் உள்ள விட்டு, குழாயத் திறந்து விட்டிருக்கா. என்னன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறா."

போய்ப் பார்த்தேன். பாதம் இரண்டும் பீட்ரூட் நிறம். அப்பாவுக்கு இருந்த அதே நிறம். எனக்கு இருக்கிற அதே நிறம்.

நரம்பு டாக்டரிடம் போனோம். ரத்தம் எடுத்தார்கள், முடிவு வந்தது, எதிர்பார்த்ததுதான். அவர் கணினியைத் திருப்பி, "இந்த வியாதில கெட்டுப்போற சோடியம் கதவ எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல படம் எடுக்கற குழு ஒண்ணு இருக்கு. அதோட தலைவர் இவங்க" என்று உன் பெயரைக் காட்டினார். தெரியுமா என்று கேட்டார். "தெரியும் டாக்டர், என் பென்சிலையெல்லாம் கடிச்சுத் துப்பினவங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதற்கு ஏதாவது இருக்கிறதா, இல்லையா? ஒரு வரியில் பதில் போடு. பாடம் நடத்தாதே. ஃபோனும் வேண்டாம். ஃபோன் என்றால் பாதியில் நான் வைத்துவிடுவேன். கடிதம் என்றால் திட்டிக்கொண்டாவது கடைசிவரை படிப்பேன்.

தம்பி

*

ஜனவரி 26

தம்பி,

இப்போதைக்கு இல்லை.

நீ கேட்ட ஒரு வரி அதுதான். அதோடு மடித்து ஒட்டிவிடலாம் என்று உறையைக்கூட எடுத்தேன். முடியவில்லை. மீதியை நீ திட்டிக்கொண்டே படி.

நரம்பின் தோல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத கதவுகள். ஒரு கதவு திறந்தால் வெளியே இருக்கிற சோடியம் உள்ளே பாயும், பாய்ந்ததும் நரம்பு மூளைக்குச் சேதி சொல்லும். கண் இமைக்கும் நேரத்தில் நூறில் ஒரு பங்குகூட ஆவதற்குள் கதவு மூடிவிட வேண்டும். அந்தக் கதவைக் கட்டுகிற மரபணுக் குறிப்பில் அப்பாவுக்கும் உனக்கும் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. கொஞ்சம் வெதுவெதுப்புப் பட்டாலே கதவு திறந்துகொள்கிறது, மூடுவதற்குத் தாமதிக்கிறது. காலில் நெருப்பு இல்லை. நெருப்பு நெருப்பு என்று சொல்கிற வாய்தான் மூட மாட்டேன் என்கிறது.

பாடம் நடத்தாதே என்றாய். நடத்திவிட்டேன்.

இதே நோய்க்கு ஒவ்வொரு குடும்பத்திலும் ஒவ்வோர் எழுத்து மாறியிருக்கும். வேறு சில குடும்பங்களின் கதவுகளைப் படம் எடுத்திருக்கிறேன். நம் வீட்டுக் கதவை எடுத்ததில்லை. உன்னைக் கேட்காமல் எடுக்க மனம் வரவில்லை, கேட்பதற்கு வாய் வரவில்லை.

இன்னொன்று. வீட்டில் ஐஸ் வாளி வைத்திருந்தால் அதை நிறுத்து. ஐஸ் தண்ணீரில் ஊறினால் அந்த நேரத்துக்குச் சுகமாக இருக்கும், ஆனால் தோல் அழுகிப் புண்ணாகும். அப்பாவின் கடைசி வருடத்தில் அவர் கால்களுக்கு நீதான் கட்டுப் போட்டாய், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அவளை நான் பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறாய். ஆமாம்.

அக்கா

*

பிப்ரவரி 9

அக்கா,

ஐஸ் வாளி வேண்டாம் என்று எழுதுவது சுலபம். அது மாலை ஐந்து மணிக்கு உன் பிள்ளை "அப்பா வாளி, அப்பா வாளி" என்று கெஞ்சாத வீட்டில் உட்கார்ந்து எழுதுவது.

நான் ஏன் கிடங்கு வேலைக்குப் போனேன் என்று நீ கேட்டதே இல்லை. அங்கே ஆப்பிளும் பட்டாணியும் அடுக்கியிருக்கிற குளிர் அறையில் மற்றவர்கள் மூன்று சட்டையும் கம்பளித் தொப்பியும் மாட்டிக்கொண்டு நடுங்குவார்கள். நான் ரப்பர் செருப்போடு சுற்றுவேன். பனிக்கரடி என்று எனக்குப் பெயர். உலகத்திலேயே எனக்குக் கால் வலிக்காத இடம் அது ஒன்றுதான். எட்டு வயதுப் பெண்ணை அங்கே வேலைக்குச் சேர்க்க முடியாது.

சரி, வந்த விஷயத்தைப் பேசிவிடுகிறேன், இல்லையென்றால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். கடைசியாக வந்தபோது நீ எங்கள் சமையலறையில் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு சொன்னாய். என் மனைவிக்கு அப்போது நான்காவது மாதம். "பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. டெஸ்ட் எடுத்துட்டு முடிவு பண்ணுங்க." முடிவு என்றால் என்ன முடிவு என்று எங்களுக்கு விளங்காதா? நீ கிளம்பிப் போன பிறகு அவள் பின்னிக்கொண்டிருந்த குட்டிச் சட்டையை உட்கார்ந்து முழுதாகப் பிரித்துவிட்டாள். நூலைச் சுற்றிச் சுற்றி உருண்டையாக்கி அலமாரியில் வைத்தாள்.

எனக்கும் அதே எழுத்துதான் அக்கா. அப்படியானால் என்னையும் டெஸ்ட் எடுத்து முடிவு பண்ணியிருக்க வேண்டுமா? இதைத்தான் ஒன்பது வருடமாக உன்னிடம் கேட்க நினைத்தேன். கேட்டுவிட்டேன்.

வாத்தின் பரிசோதனைத் தாளின் நகல் இத்தோடு. டாக்டரும் நாங்களும் சம்மதக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். படம் எடுத்துக்கொள். எங்கள் பெயர் எங்கேயும் வரக் கூடாது.

தம்பி

*

மார்ச் 2

தம்பி,

உன் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பதில் எழுத உட்காரும்போதெல்லாம் அந்த நூல் உருண்டைதான் கண்ணில் வந்தது. அது எனக்குத் தெரியாது.

நான் சொன்ன வாக்கியம் உனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது, எனக்கும்தான். அப்பா தொட்டியில் காலை விட்டுக்கொண்டு, யாரோடும் பேசாமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார் அல்லவா, அதை நினைத்துத்தான் சொன்னேன். பிறக்கப் போகிற பிள்ளைக்கு இது வரலாம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதில் நான் இறங்கி வர மாட்டேன். ஆனால் நீ கேட்ட கேள்விக்குப் பதில், இல்லை. நீ இல்லாத வீட்டை நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அம்மாவும் நானும் மட்டும் இருந்திருந்தால் அந்த வீட்டில் யார் சிரித்திருப்பார்கள்?

எனக்கு அந்த எழுத்து இல்லை என்று பரிசோதனைத் தாள் வந்த நாள் நினைவிருக்கிறதா? நினைவிருக்காது. நான் யாரிடமும் காட்டவில்லை. வீட்டில் எல்லாரிடமும் மார்க் ஷீட்டைக் காட்டிக் காட்டியே வளர்ந்தவள் நான். அந்த ஒரு தாளை மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

வேலை தொடங்கிவிட்டது. நம் வீட்டு எழுத்தை மரபணுவில் மாற்றி, ஆய்வகத்தில் வளர்கிற செல்களுக்குள் அனுப்பியிருக்கிறோம். அவை நம் கதவைச் செய்து தங்கள் தோலில் பொருத்திக்கொள்ளும். பிறகு ஒருவகை சோப்புப் போட்டுக் கரைத்துக் கதவுகளை மட்டும் தனியாகப் பிரித்தெடுப்போம். அந்தக் கரைசலில் துளியிலும் துளியை எடுத்து, கடுகை விடக் கொஞ்சமே பெரிய வலைத்தட்டில் விட்டு, மிகமிகக் குளிர்ந்த திரவத்தில் சட்டென்று முக்குவோம். உன் கிடங்கில் தண்ணீர் மெதுவாக உறைவதால் ஊசி ஊசியாய்ப் படிகமாகும். அந்த ஊசிகள் எங்கள் கதவைக் கிழித்துவிடும். அதனால் படிகமாவதற்கு நேரமே கொடுக்கக் கூடாது. அப்படி உறைந்த தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். உள்ளே கதவுகள் அந்த நொடியில் எப்படி இருந்தனவோ அப்படியே நின்றுவிடும், சில குப்புற, சில மல்லாந்து, சில பக்கவாட்டில்.

அதைத்தான் படம் எடுக்கிறோம். எலக்ட்ரான் கற்றையை அதிகம் பாய்ச்சினால் கதவு கருகிவிடும், குறைத்தால் படம் மங்கிவிடும். நாங்கள் மங்கலையே ஏற்றுக்கொள்கிறோம். புதிதாகச் சேர்ந்த மாணவி முதல் படத்தைப் பார்த்துவிட்டு, "மேடம், டிவியில சிக்னல் போனா வர்ற மாதிரி இருக்கு. இதுல கதவு எங்க?" என்றாள். ஒரு படத்தில் தெரியாது. லட்சக்கணக்கான மங்கல்களைத் திசை பார்த்து அடுக்கிக் கணினி ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கும்போது உருவம் மெல்ல எழுந்து வரும். மாதங்கள் ஆகும்.

வாளிக்குப் பதிலாக, சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியும் மின்விசிறியும். டாக்டரிடமும் கேட்டுக்கொள்.

அக்கா

*

மே 6

அக்கா,

நீ சொன்னதை நான் கேட்கவில்லை. வாளியை நிறுத்தவில்லை, குறைத்தேன், அவ்வளவுதான். ஏப்ரலில் வாத்தின் இடது கால் சுண்டுவிரல் பக்கம் தோல் வெந்ததுபோல் உரிந்து, சீழ் வைத்து, காய்ச்சலும் வந்துவிட்டது. எட்டு நாள் ஆஸ்பத்திரி. "யாரு ஐஸ்ல வெக்கச் சொன்னது?" என்று நர்ஸ் கேட்டார். நான்தான் என்றேன்.

வாளியை உடைத்துப் போட்டேன். உடைக்க வேண்டிய அவசியமில்லை, கவிழ்த்து வைத்திருக்கலாம். உடைத்தால்தான் சரி என்று தோன்றியது. இப்போது ஈரத்துணியும் மின்விசிறியும்தான். அவள் ரொம்ப அழுகிறாள், ஆனால் தோல் ஆறிவிட்டது.

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தபோது உன் கடிதங்களை என் மனைவி படித்தாள். நான் கொடுக்கவில்லை, என் பையிலிருந்து எடுத்துக்கொண்டாள். படித்து முடித்துவிட்டு, "அண்ணி சொன்னது தப்பில்ல. சொன்ன இடமும் நேரமும்தான் தப்பு. அடுப்புல பால் பொங்கிட்டு இருந்துது, அத இறக்கறதா, அவங்கள பாக்கறதான்னே எனக்குத் தெரியல" என்றாள். இத்தனை வருடமாக நான் அவளுக்காகத்தான் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நம்பியிருந்தேன். அவள் எப்போதோ அந்தக் கோபத்தை முடித்துவிட்டிருக்கிறாள். என்னிடம் சொல்லத்தான் மறந்துபோயிருக்கிறாள்.

வாத்துக்கு உன் வேலையைச் சொன்னேன். நிறையக் கேள்வி. "அத்தை ஃபோட்டோ எடுக்கும்போது அந்தக் கதவு அசையாம இருக்குமா?" என்றாள். அசையக் கூடாது என்றுதான் உறையவைக்கிறார்கள் என்றேன். "பாவம்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை, கதவையா, உன்னையா.

தம்பி

*

ஜூலை 11

தம்பி,

இதை நான் இவ்வளவு சீக்கிரம் எழுதக் கூடாது. எழுதுகிறேன்.

நம் வீட்டுக் கதவின் படம் வந்துவிட்டது. மேலிருந்து பார்த்தால் நான்கு இதழ் போல, நடுவில் சோடியம் போகிற ஓட்டை. நல்ல கதவில் உள்பக்கம் ஒரு சின்னத் தாழ்ப்பாள் வந்து தன் குழியில் கச்சிதமாக உட்காரும், உடனே கதவு மூடும். நம் கதவில் அந்தக் குழியின் ஓரத்தில்தான் எழுத்து மாறியிருக்கிறது. தாழ்ப்பாள் வருகிறது, உட்காரவில்லை, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அப்பாவின் முப்பது வருட வேதனையை நான் திரையில் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தேன். எவ்வளவு சிறியது என்று உனக்கு எப்படிச் சொல்வது? தலைமுடியின் பருமனில் ஆயிரக்கணக்கான கதவுகளை வரிசையாக நிறுத்தலாம்.

இன்னொரு விஷயம். இதயத் துடிப்பு தாறுமாறாகிறவர்களுக்குக் கொடுக்கிற பழைய மாத்திரை ஒன்று உண்டு. வேறு சில குடும்பங்களில் இந்த நோய்க்கும் அது கேட்டிருக்கிறது, சிலருக்குக் கேட்கவில்லை. நம் கதவோடு அதைக் கலந்து உறையவைத்துப் படம் எடுத்தோம். ஓட்டைக்குள் ஒரு புடைப்பு தெரிகிறது, அடைப்பான் மாதிரி. அளவும் இடமும் மாத்திரைக்குப் பொருந்துகின்றன.

பக்கத்து அறையில் ஒருவர் இருக்கிறார். கண்ணாடி ஊசியை உயிருள்ள செல்லின் தோலில் ஒட்டவைத்து, கதவு திறக்கும்போது பாய்கிற மின்சாரத்தை அளப்பவர். ஊசிக்காரர் என்று நாங்கள் சொல்வோம். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் பொறுங்க மேடம்" என்றார். அவருக்கு எங்கள் மேல் எப்போதும் கொஞ்சம் இளக்காரம். "நீங்க எடுக்கறது பிணத்தோட ஃபோட்டோ. நான்தான் மூச்சக் கேக்கறேன்" என்பார்.

பொறுக்கத்தான் வேண்டும். வாத்திடம் சொல்லாதே.

அக்கா

*

ஜூலை 20

அக்கா,

சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் வந்தபோது அவள் ஈரத்துணியைக் காலில் சுற்றிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "என்னப்பா?" என்றாள். அடைப்பான் கிடைத்துவிட்டது என்றேன். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

மறுநாள் வகுப்பில் எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். அவளுடைய டீச்சர் என்னிடம் வந்து கைகொடுத்தார். அம்மா டிவியை நிறுத்திவிட்டு உன் கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். இரண்டாம் முறை படித்தபோது கேட்கவில்லை, அழுதுகொண்டிருந்தாள். நரம்பு டாக்டரிடமும் சொன்னேன். உங்கள் அக்காவின் அறிக்கை வரட்டும், மாத்திரையைப் பற்றிப் பேசலாம் என்றார்.

வாத்து உனக்கு ஒரு கதவு வரைந்திருக்கிறாள். அதற்குக் கண்ணும் மூக்கும் உண்டு. வாயில் பெரிய தக்கை.

தம்பி

*

ஆகஸ்ட் 17

தம்பி,

அந்தப் புடைப்பு மாத்திரை இல்லை.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். மாத்திரை கலக்காத நம் கதவையும் அதே நுணுக்கத்தில் படம் எடுத்து ஒப்பிட வேண்டும், அதுதான் முறை. முதலில் எடுத்திருந்தது மங்கலாக இருந்தது, அதில் ஓட்டைக்குள் ஒன்றும் தெரியவில்லை. புதிதாக எடுத்தோம். மாத்திரை இல்லாத கதவிலும் அதே இடத்தில் அதே புடைப்பு இருக்கிறது. அது சோப்பு. தோலிலிருந்து கதவைப் பிரிக்க நாங்களே போட்ட சோப்பின் ஒரு துணுக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. பார்க்க ஆசைப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

குழுவில் ஒருவர், "இன்னொரு தடவை எடுத்துப் பாத்துட்டு அவங்களுக்குச் சொல்லலாமே, என்ன அவசரம்?" என்றார். எடுத்துப் பார்த்தேன். இரண்டு படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தேன். மிச்சம் எதுவும் இல்லை. இனிமேலும் சொல்லாமல் இருந்தால் அது வேறு விஷயமாகிவிடும்.

போன கடிதத்தை நான் எழுதியிருக்கக் கூடாது. உனக்குச் சந்தோஷமாக ஒன்று சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அந்த அவசரத்தில் எழுதிவிட்டேன்.

வாத்திடம் நானே சொல்ல வேண்டும் என்றால் சொல்கிறேன். அவள் வரைந்த படத்தை என் மேசைக்கு எதிரே ஒட்டியிருந்தேன். இன்றைக்கு அதைப் பார்க்க முடியவில்லை. எடுக்கவும் இல்லை.

அக்கா

*

அக்டோபர் 5

அக்கா,

உன் கடிதம் ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. பதில் எழுதாமல் உன்னைத் தண்டித்தேன் என்று நினைக்காதே. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. முதல் வாரம் கோபம். அதற்கப்புறம் கோபப்படுவதற்குக்கூட எனக்குத் தெம்பில்லை.

வாத்திடம் நானே சொன்னேன். கிடங்குக்குக் கூட்டிக்கொண்டு போய், பழப்பெட்டிகளுக்கு நடுவில் அவளை உட்காரவைத்துச் சொன்னேன். அங்கே அவளுக்குக் கால் எரியாது, அங்கேயாவது நிம்மதியாகக் கேட்கட்டும் என்று. கேட்டாள். கொஞ்ச நேரம் பெட்டியின் மேல் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். "அப்போ நான் கிளாஸ்ல சொன்னது பொய்யாப்பா?" என்றாள். அதுதான் அவளுக்கு முதலில் வந்த கவலை. பொய் இல்லை, அத்தைக்கும் அப்போது அப்படித்தான் தெரிந்தது என்றேன். "டீச்சர்கிட்ட நீ வந்து சொல்லு" என்றாள். போய்ச் சொன்னேன்.

அப்புறம் நான் யோசித்தேன். ஒன்பது வருடத்துக்கு முன்பும் நீ எனக்குப் பிடிக்காத உண்மையைத்தான் சொன்னாய். நான் உன் முகத்தில் கதவைச் சாத்தினேன். இந்தமுறையும் சாத்தலாம். சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து என்ன செய்யப் போகிறேன்? நீ மறைத்திருந்தால் டாக்டர் அதை நம்பி மாத்திரை கொடுத்திருப்பார், கேட்காமல் போனால் அவள் தன்மேல்தான் குற்றம் என்று நினைத்திருப்பாள்.

உன்மேல் வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

தம்பி

*

அக்டோபர் 29

தம்பி,

வருத்தத்தை வைத்துக்கொண்டே எழுது. அது போதும்.

இந்தமுறை நடந்ததை மட்டும் சொல்கிறேன். என்ன ஆகும் என்று சொல்ல மாட்டேன்.

ஆகஸ்டில் உனக்கு எழுதிய கையோடு ஊசிக்காரரிடம் போனேன். எங்கள் படம் தப்பு என்று நானே போய்ச் சொன்னால் கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் செய்யவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "படத்துல மாத்திரை இல்லன்னுதானே தெரிஞ்சுது. கதவுல வேலை செய்யாதுன்னு யாரு சொன்னா?" என்றார்.

அவர் சொன்னது இது. உயிருள்ள நரம்பின் தோலில் எப்போதும் ஒரு மின்னழுத்தம் இருக்கிறது. அதற்குத் தகுந்தபடிதான் கதவு திறந்து மூடி அசைகிறது. நாங்கள் சோப்பில் பிரித்தெடுத்த கதவுக்கு அந்த மின்னழுத்தம் கிடையாது. அது ஒரே நிலையில் சோம்பி நிற்கிறது. மாத்திரையோ, கதவு மும்முரமாகத் திறந்து மூடும்போது வருகிற ஏதோ ஒரு நிலையில்தான் உள்ளே நுழைந்து பிடித்துக்கொள்கிறது போலும். அந்த நிலை எங்கள் கண்ணாடிப் பனியில் சிக்கவே இல்லை. இது எனக்குப் புத்தகத்தில் தெரிந்த விஷயம்தான். கையில் படம் இருந்தபோது மறந்துவிட்டேன்.

அவர் நம் கதவைச் சுமக்கிற செல்களில் ஊசியை ஒட்டி, வெப்பத்தைக் கொஞ்சம் கூட்டி, மின்சாரத்தை அளந்தார். கதவு ஓயாமல் கசிந்தது. மாத்திரையைச் சேர்த்தார். கசிவு குறைந்தது. ஒரு செல்லில் அல்ல, வேறுவேறு நாளில், வேறுவேறு செல்களில். எது மாத்திரை, எது வெறும் தண்ணீர் என்று அவருக்கே தெரியாதபடி என் மாணவி புட்டிகளை மாற்றி வைத்தாள். அப்போதும் அப்படியே. முழுதாக நிற்கவில்லை, பாதிக்கு மேல் குறைகிறது.

இது செல். வாத்து இல்லை. உடம்பில் கேட்கலாம், கேட்காமல் போகலாம். இதயத்தைப் பாதிக்கக்கூடிய மாத்திரை, அதனால் அடிக்கடி ஈசிஜி பார்க்க வேண்டும். எல்லா அளவுகளையும், எங்கள் தப்பையும் சேர்த்து, உன் டாக்டருக்கு அனுப்பியிருக்கிறேன். கொடுப்பதா வேண்டாமா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

என் வாழ்க்கையில் பாதியைக் கதவைப் பார்ப்பதிலேயே செலவழித்திருக்கிறேன். உதவக்கூடியது எதுவோ அதை என்னால் பார்க்க முடியவில்லை. அது எனக்கு வருத்தமாக இல்லை என்பதுதான் ஆச்சரியம். ஊசிக்காரர் அறையில் ஒலிபெருக்கி ஒன்று உண்டு, கதவு திறக்கும்போதெல்லாம் சடசடவென்று சத்தம் கேட்கும். மாத்திரை சேர்ந்ததும் அந்தச் சத்தம் அடங்கியது. நான் அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் வீட்டுக்குக் கிளம்பும்போது விளக்கை மட்டும் அணைக்காமல் விட்டுப் போனார்.

உங்களைப் பார்க்க நான் வரலாமா?

அக்கா

*

பிப்ரவரி 21

அக்கா,

மாதக்கணக்கில் பதில் இல்லையே என்று நீ டாக்டருக்கு ஃபோன் செய்தாயாம். "உங்க அக்கா பயந்து போயிருக்காங்க, ஒரு வரி எழுதிப் போடுங்க" என்று திட்டினார். ஏதாவது தெரிந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன். அரைகுறையாகச் சொன்னால் என்ன ஆகும் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

டாக்டர் உன் தாள்களைப் படித்துவிட்டு, இதய டாக்டரையும் கூப்பிட்டுப் பேசினார். இதே வியாதி உள்ள பெரியவர் ஒருவர் முதலில் எடுத்துக்கொண்டால் நல்லது என்றார். "நான் இருக்கேனே" என்றேன். நவம்பரில் தொடங்கினேன். முதல் வாரம் வயிற்றைப் பிரட்டியது, தலை சுற்றியது. கிடங்கில் பனிக்கரடிக்கு மசக்கை என்று சிரித்தார்கள். டிசம்பரில் ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். பேருந்து வந்தது, ஏறினேன், உட்கார்ந்தேன். இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகுதான் உறைத்தது, நான் நிழல் தேடவே இல்லை.

ஜனவரியில் வாத்துக்குத் தொடங்கினார்கள், கால் பங்கு அளவில். வாராவாரம் ஈசிஜி. அது வரைகிற கோட்டை அவள் கத்தரித்து வைத்துக்கொள்கிறாள், நர்ஸும் கொடுத்துவிடுகிறார். முழுதாகச் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. ஓடினால் சிவக்கிறது. ஒரு சில மாலை ஈரத்துணி வேண்டியிருக்கிறது. வெயில் காலம் இனிமேல்தான் வரப்போகிறது, அப்போது பார்க்க வேண்டும். டாக்டர் நல்லது என்கிறார், நன்றாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன் என்கிறார். நீங்கள் எல்லாரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள் போலிருக்கிறது.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். பள்ளியில் ஏதோ விழா அணிவகுப்பு. எல்லாப் பிள்ளைகளும் மூடிய ஷூ போட வேண்டும். இவளுக்கு மட்டும் செருப்புக்கு அனுமதி உண்டு. "நானும் ஷூ போடுவேன்" என்று ஒரே பிடிவாதம். வாங்கிக் கொடுத்தோம். எரிந்தால் உடனே கழற்றிவிடு என்று ஆயிரம் தடவை சொல்லி அனுப்பினேன். கிடங்கில் எனக்கு வேலை ஓடவில்லை, பள்ளியிலிருந்து ஃபோன் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை.

மாலை வாசலில் நுழையும்போதே அழுகை. ஒரு கையில் ஷூ, நொண்டி நொண்டி வருகிறாள். தூக்கி உட்காரவைத்து, "எரியுதா, ரொம்ப எரியுதா?" என்று கேட்டேன்.

"எரியலப்பா. கடிக்குது."

"கடிக்குதுன்னா?"

"ஷூ கடிக்குது. இது வேற. உனக்குப் புரியாது."

சாக்ஸைக் கழற்றிப் பார்த்தேன். குதிகாலில் ஒரு சின்னக் கொப்புளம். புது ஷூ போட்ட எந்தப் பிள்ளைக்கும் வருகிற கொப்புளம். அதற்கு என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை அக்கா. வாழ்க்கையில் ஒருநாளும் எனக்கு ஷூ கடித்ததில்லை. அணிந்தால்தானே கடிக்கும். என் மனைவி பக்கத்து வீட்டில் போய்க் கேட்டுக்கொண்டு வந்தாள். கொஞ்சம் வாஸ்லின் தடவி, பஞ்சு வைத்து, மேலே ஒட்டுப் போடச் சொன்னார்களாம். போட்டோம். அப்புறமும் அழுகை ஓயவில்லை. அணிவகுப்பில் பக்கத்தில் நின்ற பையன் இவள் காலை மிதித்தான், இவள் திரும்பி அவனை மிதித்தாள், டீச்சர் இரண்டு பேரையும் வெளியே நிறுத்தினார். அந்தக் கதையை அழுதுகொண்டே சொன்னாள். நான் சிரித்தேன். அதற்கு வேறு தனியாக அழுதாள்.

என் மனைவி அவளுடைய காலை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கூப்பிட்டு, "தொட்டுப் பாருங்க" என்றாள். தொட்டேன். எல்லார் காலையும்போல இருந்தது.

வரலாமா என்று கேட்டிருக்கிறாய். வா. ஷூ கடித்தால் வேறென்ன செய்வார்கள் என்று உனக்குத்தான் தெரிந்திருக்கும்.

தம்பி